ஆவியான பிறகு தட்டில் என்ன மிஞ்சுகிறது? கரைப்பானின் சுத்தம் பார்க்கும் ஒரு எளிய சோதனை

எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கழுவி, துடைக்காமல் அப்படியே வெயிலில் காயவிட்டுப் பாருங்கள். போர்வெல் தண்ணீரில் கழுவியிருந்தால் காய்ந்த பிறகு தட்டில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் தெரியும். நகத்தால் சுரண்டினால் மாவு போல வரும். மழைத் தண்ணீரில் கழுவியிருந்தால் அந்தக் கறை அநேகமாகக் கண்ணில் படாது. டம்ளரில் பிடித்து வைத்தால் இரண்டு தண்ணீரும் ஒரே மாதிரிதான் இருக்கும். காய்ந்த பிறகுதான் வித்தியாசம் வெளியே வரும். தண்ணீர் கிளம்பிப் போய்விட்டது, அதோடு போக முடியாதது தட்டிலேயே தங்கிவிட்டது.

வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளப் பாத்திகளில் நடப்பதும் இதே விஷயம்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. வெயில் நீரை எடுத்துக்கொள்ள, பாத்தியில் உப்பு மிஞ்சுகிறது. அங்கே மிஞ்சுவதுதான் விளைச்சல். எங்கள் ஆய்வகத்தில் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் எவ்வளவு, ஏன் என்று கேட்டாக வேண்டும்.

நான் வேலை பார்ப்பது ஒரு ரசாயன ஆலையின் கியூ.சி. லேபில், அதாவது தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில். அசிட்டோன், ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று பேரல் பேரலாக வந்து இறங்கும் கரைப்பான்களைப் பரிசோதித்து, உள்ளே எடுக்கலாமா வேண்டாமா என்று சொல்வது வேலையின் ஒரு பகுதி. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது, விலை உயர்ந்த கருவி எதுவும் கேட்காத இந்தச் சோதனையைத்தான். கரைப்பானை ஆவியாக விடு, மிஞ்சியதை எடை போடு. சொல்ல ஒரே வரி. ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

கரைப்பான் என்பது இன்னொரு பொருளைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும் திரவம். பெயின்ட் கடையில் விற்கும் தின்னரும் கரைப்பான்தான், நகப்பாலிஷை அழிக்கும் ரிமூவரும் கரைப்பான்தான், தண்ணீரும் கரைப்பான்தான். கரைப்பானின் பலம் எதுவோ அதுவேதான் அதன் பலவீனமும். எதையும் கரைக்கும் என்பதால் போகிற வழியில் தொட்டதையெல்லாம் கொஞ்சம் எடுத்துக்கொண்டே வரும். பேரலின் உட்புறத் துரு, மூடியின் ரப்பர் வாஷர், டியூபின் பிளாஸ்டிக், புனலில் ஒட்டியிருந்த பழைய எண்ணெய் எல்லாவற்றிலும் ஒரு துளி அதற்குள் வந்து சேரும். கரைந்தோ நுண்துகளாகவோ கலந்துவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது.

ஆவியாக்கினால் ஏன் தெரிகிறது? ஒவ்வொரு திரவத்துக்கும் அதன் கொதிநிலை உண்டு. அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஹெக்சேன் 69, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 82, டொலுவீன் 111. எண்ணெய், கிரீஸ், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்கள் போன்றவை 300 டிகிரியைத் தாண்டியும் அசையாமல் இருக்கக்கூடியவை. உப்பும் துருவும் அதைவிடப் பிடிவாதம். ஆகவே அசிட்டோனை மெல்லச் சூடாக்கினால் அது கிளம்பிவிடும், இவை கிளம்பாது. அப்படித் தங்குவதற்குப் பெயர் எச்சம்.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. 100 மில்லிலிட்டரில் பரவிக் கிடந்த அழுக்கு, கடைசியில் ஒரு நகக்கண் அளவு இடத்தில் வந்து குவிகிறது. பரவியிருந்தபோது காண முடியாதது, குவிந்ததும் கண்ணுக்கும் தராசுக்கும் அகப்படுகிறது.

ஒரு துளி போதும்

எடை போடும் கதைக்குப் போகும் முன் ஒரு சிறு பரிசோதனை. சுத்தமான கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு ஜன்னலெல்லாம் திறந்திருக்கட்டும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ ஊதுபத்தியோ எரியக் கூடாது. லேபில் வைத்திருக்கும் நல்ல அசிட்டோன் ஒரு துளி, கடையில் வாங்கிய வாசனை போட்ட நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு துளி. இரண்டையும் தள்ளித் தள்ளி விட்டு, காயும் வரை காத்திருங்கள்.

முதல் துளி இருந்த இடத்தைத் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டாவது துளி இருந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு மங்கலான எண்ணெய்ப் படலம் இருக்கும். கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்தால் நன்றாகத் தெரியும். அதில் கலந்திருக்கும் வாசனைப் பொருளும், விரல் வறண்டு போகாமல் இருக்கச் சேர்த்த பசைப் பொருளும்தான் அங்கே மிஞ்சியிருப்பவை. அந்த ரிமூவர் மோசமான சரக்கு என்று இதற்கு அர்த்தம் இல்லை. நகத்துக்கு அது சரி, லென்ஸ் துடைக்க ஆகாது.

கொரோனா காலத்தில் கைக்குப் போடும் சானிடைசரை எடுத்து போன் திரையையும் சர்க்யூட் போர்டையும் துடைத்தவர்கள் பலர். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சானிடைசர் செய்முறையில் 80 சதவீதம் எத்தனாலோடு 1.45 சதவீதம் கிளிசராலும் உண்டு. கை வறளாமல் இருக்கத்தான் கிளிசரால். ஆல்கஹால் பறந்துவிடும், கிளிசரால் தங்கிவிடும். தங்கிய படலம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மின்னணுப் பலகையின் மேல் ஈரப் படலம் ஒட்டிக்கொண்டிருப்பது நல்லதல்ல. கண்ணாடித் துண்டில் ஒரு துளி விட்டுப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

இந்தத் துளிச் சோதனையைச் செய்யும்போது இரண்டு விஷயம் கண்ணில் படும். இரண்டும் முதல் தடவை பார்ப்பவரைக் குழப்பும்.

கறை பெரும்பாலும் நடுவில் படியாமல் ஓரத்தில் வளையமாகப் படியும். மேசையில் சிந்திய காபி காய்ந்தால் ஓரம் மட்டும் கருத்துத் தெரிகிறதே, அதேதான். துளியின் ஓரம் கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்து ஆவி எளிதாக வெளியேற முடிவதால் திரவம் வேகமாக ஆவியாகிறது. இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, போகும்போது அழுக்கையும் தள்ளிக்கொண்டு போகிறது. ராபர்ட் டீகனும் அவருடைய சகாக்களும் 1997-இல் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள். ஆக, எச்சத்தைத் தேடும்போது நடுவைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஓரத்தைப் பாருங்கள்.

மற்றது நம்மைப் போல ஈரக் காற்றில் வாழ்பவர்களுக்கு அடிக்கடி நேர்வது. அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது கண்ணாடியின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கண்ணாடி சட்டென்று குளிர்கிறது. குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் பனி பூத்தது போல வெளேரென்று படிகிறது. ஐயோ, எச்சம் என்று தோன்றும். ஐந்து நிமிடம் பொறுத்தால் அது தானாக மறையும். மறைந்தால் தண்ணீர், மறையாமல் நின்றால்தான் எச்சம். ஐப்பசி மழையின்போது எங்கள் லேபில் இது தினசரிக் காட்சி.

துளிச் சோதனை சந்தேகம் எழுப்பத்தான் உதவும். எவ்வளவு என்று சொல்லாது. அதற்குத் தராசுதான்.

எடை போடுவது

அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வெளியிட்டிருக்கும் டி1353 என்ற முறை இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. சாரம் இவ்வளவுதான்: சுத்தமான தட்டை அவனில் (oven, லேபின் மின் அடுப்பு) காயவைத்து, ஆறவைத்து, எடை எடு. அதில் 100 மில்லிலிட்டர் கரைப்பானை ஆவியாக்கு. பிறகு 105 டிகிரி அவனில் வைத்து மிச்சம் மீதி ஈரத்தையும் விரட்டு. மறுபடி ஆறவைத்து எடை எடு. இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் எச்சம்.

தட்டு என்று நான் சொல்வது லேபில் எல்லோரும் சைனா டிஷ் என்று கூப்பிடும் பீங்கான் கிண்ணம். பிளாட்டினம் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதை வாங்கிக் கொடுக்கும் நிர்வாகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலி டிஷ் 58.4127 கிராம். அசிட்டோன் 100 மில்லிலிட்டர் ஆவியான பிறகு 58.4138 கிராம். வித்தியாசம் 0.0011 கிராம், அதாவது 1.1 மில்லிகிராம். பக்கத்திலேயே இன்னொரு காலி டிஷ்ஷையும் கரைப்பான் ஊற்றாமல், ஆனால் மற்ற எல்லாப் படிகளும் ஒன்று விடாமல் நடத்தியிருந்தோம் என்று வையுங்கள். அதன் எடை 0.3 மில்லிகிராம் கூடியிருக்கிறது. இதற்குப் பெயர் பிளாங்க். கழித்தால் நிற்பது 0.8 மில்லிகிராம். அசிட்டோனின் அடர்த்தி 0.79, ஆகவே 100 மில்லிலிட்டர் என்பது 79 கிராம். 79 கிராமில் 0.8 மில்லிகிராம் என்றால் சுமார் 10 பி.பி.எம்., பத்து லட்சம் பங்கில் 10 பங்கு. சதவீதத்தில் 0.001.

அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தரப்படி ரீஏஜென்ட் கிரேடு, அதாவது ஆய்வகச் சோதனைகளுக்கான தர, அசிட்டோனுக்கு அனுமதிக்கப்பட்ட எச்சமும் அதே 0.001 சதவீதம்தான். நம் மாதிரி சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறது. பாஸா, ஃபெயிலா?

இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுவார்கள். நாம் தேடுவது என்ன என்று ஒரு கணம் யோசியுங்கள். 58 கிராம் எடையுள்ள பீங்கானில் ஒட்டியிருக்கும் 0.8 மில்லிகிராம். 73 கிலோ எடையுள்ள ஒருவர் சட்டைப்பையில் ஒரு கிராம் தங்கக் காசைப் போட்டுக்கொண்டு எடை மெஷினில் ஏறினால் அந்தக் காசைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை இது. எங்கள் தராசு காட்டும் கடைசி இலக்கமே 0.1 மில்லிகிராம். இரண்டு தடவை எடை எடுக்கிறோம், இரண்டிலும் கொஞ்சம் ஆடும். 0.8 என்பது 0.6-ஆகவும் இருக்கலாம், 1.0-ஆகவும் இருக்கலாம். இந்த ஒரு எண்ணை நம்பி யாருடைய சரக்கையும் திருப்பி அனுப்பக் கூடாது.

தீர்வு எளிது. அதிகமாக ஆவியாக்குங்கள். 100-க்குப் பதில் 500 மில்லிலிட்டரை, தீரத் தீர அதே டிஷ்ஷில் ஊற்றி ஆவியாக்கினால் கரைப்பான் 395 கிராம் ஆகிறது. 0.001 சதவீதம் என்ற எல்லை இப்போது கிட்டத்தட்ட 4 மில்லிகிராம். தராசின் ஆட்டம் அதே 0.2 மில்லிகிராம்தான். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம். நுண்ணிய பகுப்பாய்வுக் கருவிகளுக்கென்று விற்கும் ஹெச்.பி.எல்.சி. கிரேடு போன்ற இன்னும் சுத்தமான கரைப்பான்களின் எல்லை 0.001 சதவீதத்தைவிடக் கீழே இருக்கும். அவற்றை 100 மில்லிலிட்டரில் பார்ப்பது வீண் வேலை.

தராசுக்கு முன்னால் நடக்கும் தவறுகளைச் சொல்லாமல் இந்தச் சோதனையைச் சொன்னதாக ஆகாது. ஏனென்றால் தவறான எண் வந்தால் பெரும்பாலும் காரணம் கரைப்பானில் இருக்காது, நம் கையில் இருக்கும்.

சூடு ஆறாத டிஷ்ஷைத் தராசில் வைத்தால் எடை குறைத்துக் காட்டும். டிஷ்ஷைச் சுற்றியுள்ள காற்று சூடாகி மேலே எழும்பும்போது தட்டையும் லேசாகத் தூக்குகிறது. பொறுமையில்லாதவருக்கு எச்சம் மைனஸில் வருவது இதனால்தான். வெளியே வைத்து ஆறவிட்டால் எதிர்த் திசையில் தவறு: பீங்கான் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு எடை கூடும். ஆகவே டெசிக்கேட்டர் என்ற, உள்ளே ஈரம் இல்லாமல் வைத்திருக்கும் மூடிய பாத்திரத்துக்குள் வைத்துத்தான் ஆறவிட வேண்டும். அதன் அடியில் கிடக்கும் நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று பொருள். அவனில் போட்டு மறுபடி நீலமாக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டெசிக்கேட்டர் மூடியின் விளிம்பில் தடவியிருக்கும் கிரீஸ் டிஷ்ஷில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு இழுவல் கிரீஸ் போதும், நீங்கள் அளக்கும் எச்சத்தைவிடப் பல மடங்கு கனமாக இருக்கும். விரலால் தொடக் கூடாது, இடுக்கிதான். விரல் ரேகையில் இருக்கும் எண்ணெயும் வியர்வையும் எடைதான்.

கரைப்பானைக் கொதிக்க விடவும் கூடாது. கொதித்துத் தெறித்தால் எச்சமும் சேர்ந்து தெறித்துப் போகும். மேற்பரப்பு அமைதியாக இருக்க, ஆவி மட்டும் கிளம்பும் சூடு போதும்.

என்னிடம் வேலை கற்ற ஒரு பையன் வாரக்கணக்காக மாட்டிக்கொண்டு தவித்த தவறு ஒன்று உண்டு. எந்தக் கரைப்பானை எடுத்தாலும் 2 மில்லிகிராம் வந்தது. டிஷ்ஷைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். அடிப்புறத்தில் மெல்லிய வெள்ளை வளையம். டிஷ்ஷைச் சூடாக்கும் சுடுநீர்த் தொட்டியான வாட்டர் பாத்தில் அந்தப் பையன் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தான். நீராவியோடு தெறித்த துளிகள் டிஷ்ஷின் அடியில் காய்ந்து, எவர்சில்வர் தட்டில் படிவது போல அங்கேயும் உப்பாகப் படிந்திருந்தன. உள்ளே தேடிய எச்சம் வெளியே ஒட்டியிருந்தது. பாத்துக்குக் காய்ச்சி வடித்த நீரை மாற்றினோம், டிஷ்ஷின் அடியைத் துடைத்த பிறகே மின் அடுப்பில் வைத்தோம். அத்தோடு தீர்ந்தது.

அவன் பிளாங்க் வைத்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். காலி டிஷ்ஷும் 2 மில்லிகிராம் கூடியிருக்கும், இல்லையா? பிளாங்க் என்பது நாம் நம்மையே எடை போட்டுக்கொள்வது.

101 நாள் கொதித்த தண்ணீர்

பாத்திரத்தையும் சேர்த்து எடை போடும் இந்தப் பாடத்தை அன்றே செய்து காட்டியவர் பிரான்ஸின் வேதியியலாளர் லவாய்சியர். அக்காலத்தில் தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்று பலர் நம்பினார்கள். நம்பிக்கைக்குக் கண்கண்ட ஆதாரமும் இருந்தது: எவ்வளவு சுத்தமான நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் காய்ச்சி வற்றவைத்தாலும் அடியில் கொஞ்சம் பொடி மிஞ்சியது. 1768-இல், 25 வயது லவாய்சியர், ஆவியாகும் நீர் மறுபடி அதற்குள்ளேயே வந்து விழும்படி அமைந்த பெலிக்கன் என்ற கண்ணாடிப் பாத்திரத்தில் சுத்தமான நீரை அடைத்து, 101 நாள் விடாமல் சூடாக்கினார். நீரில் பொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் அவர் பாத்திரத்தைத் தனியாகவும் எடை போட்டு வைத்திருந்தார். மூடிய பாத்திரத்தின் மொத்த எடை மாறவில்லை. காலிப் பாத்திரத்தின் எடை குறைந்திருந்தது, குறைந்த எடை மிஞ்சிய பொருளின் எடைக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது. மண் தண்ணீரிலிருந்து வரவில்லை, கண்ணாடி கரைந்து வந்தது.

எச்சத்தைப் பார்த்ததும் கரைப்பானைக் குற்றம் சொல்லத் துடிக்கும் ஒவ்வொருவரும் ஒரு தடவை அந்த 101 நாளை நினைத்துப் பார்க்கலாம்.

மிஞ்சவில்லை என்றால் சுத்தமா?

இல்லை. இதைத்தான் நான் குரலை உயர்த்திச் சொல்வேன். இந்தச் சோதனை ஆவியாகாத அழுக்கை மட்டும் பார்க்கும். கரைப்பானோடு சேர்ந்து பறந்துபோகும் கலப்படம் எதையும் இது பார்க்காது. அசிட்டோனில் 5 சதவீதம் தண்ணீர் கலந்திருந்தால்? 105 டிகிரி அவனில் தண்ணீரும் போய்விடும், டிஷ் பளிச்சென்று இருக்கும். டொலுவீனில் பென்சீன் இருந்தால்? பென்சீன் 80 டிகிரியில் கொதிக்கும், டொலுவீனுக்கு முன்பே கிளம்பிவிடும்.

எத்தனாலில் மெத்தனால் கலந்திருந்தால்? மெத்தனாலின் கொதிநிலை 65 டிகிரி, எத்தனாலின் கொதிநிலை 78. விஷம் முதலில் பறக்கும். மிஞ்சுவது எதுவும் இருக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். அந்தச் சாராயத்தில் ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டிருந்தாலும் அது மற்றதைப் போலத்தான் காய்ந்திருக்கும். துடைத்தது போலக் காய்கிறது, ஆகவே நல்ல சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கறையில்லாமல் காய்வதற்கும் குடித்தால் கொல்லாமல் இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மெத்தனாலைக் காண கேஸ் குரோமட்டோகிராஃபி வேண்டும். தண்ணீரைக் காண கார்ல் ஃபிஷர் டைட்ரேஷன் வேண்டும். அவை வேறு கேள்விகளுக்கான வேறு சோதனைகள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எச்சம் மிஞ்சியதாலேயே கரைப்பான் கெட்டது என்றும் சொல்ல முடியாது. டெட்ரா ஹைட்ரோ ஃபியூரான், சுருக்கமாக டி.ஹெச்.எஃப்., என்ற கரைப்பானில் பி.ஹெச்.டி. (BHT) என்ற பொருளை 250 பி.பி.எம். அளவுக்குச் சேர்த்தே விற்பார்கள். 100 மில்லிலிட்டருக்குக் கணக்குப் போட்டால் 22 மில்லிகிராம். அது பெராக்சைடு உருவாகாமல் தடுக்கப் போட்ட காவல். லேபிளைப் படிக்காமல் ஆவியாக்கினால் படுமோசமான சரக்கு என்று தோன்றும்.

பெராக்சைடு என்றதும் இந்தச் சோதனையில் உயிருக்கே ஆபத்தான ஒரு இடம் வருகிறது. டைஎத்தில் ஈதர், டைஐசோபுரொப்பைல் ஈதர், டி.ஹெச்.எஃப். போன்ற ஈதர் வகைக் கரைப்பான்கள் காற்றுப் பட்டு நாள்பட இருந்தால் அவற்றில் பெராக்சைடுகள் உருவாகும். கரைந்திருக்கும் வரை அவை அடங்கிக் கிடக்கும். நாமோ கரைப்பானை விரட்டி, மிஞ்சுவதை ஒரு மூலையில் குவிக்கிறோம். குவிந்து காய்ந்த பெராக்சைடு சூட்டிலோ தட்டலிலோ வெடிக்கும். பழைய ஈதர் பாட்டிலை எடுத்தால் முதலில் பெராக்சைடு காட்டும் பட்டையை நனைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் ஆவியாக்குவதை அப்படியே விட்டுவிடுங்கள். எச்சம் எவ்வளவு என்று தெரியாமல் போனாலும் பரவாயில்லை.

மற்ற கரைப்பான்களிலும் தீ பயம் உண்டு. அசிட்டோனின் தீப்பற்று நிலை மைனஸ் 20 டிகிரி. நம் ஊரில் எந்த நாளிலும் எந்த நேரத்திலும் அதன் ஆவி பற்றிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிட இரண்டு மடங்கு கனம். மேசையிலிருந்து வழிந்து, தரையோடு தவழ்ந்து, தூரத்தில் எரியும் சுடரை எட்டி, வந்த வழியே நெருப்பாகத் திரும்பும். பன்சன் பர்னர் கூடவே கூடாது. ஆவியை வெளியே இழுத்துவிடும் ஃபியூம் ஹூடுக்குள், வாட்டர் பாத் மேல் மட்டும். கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துளி கரைப்பான் பாக்கி இருந்தாலும் டிஷ்ஷை அவனுக்குள் வைக்காதீர்கள். மூடிய அறைக்குள் ஆவியும் சூடான கம்பியும் சந்தித்தால் அடுப்பின் கதவு பறக்கும்.

மிஞ்சியது யார்?

எடை எடுத்து முடித்ததும் டிஷ்ஷைக் கழுவப் போடுவது பலரின் வழக்கம். அதற்கு முன் ஒரு நிமிடம் அதைப் பார்க்க வேண்டும். எண்ணைவிட அந்தக் கறை அதிகம் பேசும். வெள்ளைப் பொடி என்றால் பெரும்பாலும் உப்பு. செம்பழுப்பு என்றால் பேரலின் துருவைச் சந்தேகிக்கலாம். காயவே காயாமல் பளபளக்கும் மஞ்சள் துளி என்றால் எண்ணெய், கிரீஸ், அல்லது பிளாஸ்டிக்கிலிருந்து வந்த பிளாஸ்டிசைசர். பிசின் போல ஒட்டினால் பழைய டர்பன்டைன் மாதிரி, காற்றுப் பட்டுத் தானாகவே கெட்டிப்பட்டது. பெட்ரோலிலும் இப்படிப் பிசின் உருவாகும். அதை அளக்கவும் இதே பாணியில், சூடான காற்றை ஊதி ஆவியாக்கும் ஒரு சோதனை உண்டு. 100 மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வழக்கமான எல்லை.

கறையைப் பார்க்க நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதமாக இல்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஆறு பேரல் ஹெக்சேன் வந்து இறங்கியது. மாதிரி எடுத்து 100 மில்லிலிட்டர் ஆவியாக்கினேன். 4.2 மில்லிகிராம். ஹெக்சேன் 100 மில்லிலிட்டர் 66 கிராம்தான், ஆக 64 பி.பி.எம். எல்லையோ 10. இன்னொரு தடவை செய்தேன், அதே எண். பிளாங்க் சுத்தம். எல்லாம் சரியாகச் செய்திருக்கிறேன் என்ற நிறைவோடு ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மத்தியானமே லாரி ஆறு பேரலோடு திரும்பிப் போனது.

சாயங்காலம் டிஷ் மேசையிலேயே இருந்தது. உள்ளே மஞ்சளாக, கண்ணீர்த் துளி போல ஒன்று ஓரத்தில் ஒட்டியிருந்தது. அப்போது என்னோடு இருந்த மூத்த அக்கா ஒருவர் அதைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது பேரல்ல இருந்து வந்த மாதிரி தெரியலையேம்மா. எதால எடுத்தே?" என்று கேட்டார். ஹேண்ட் பம்பின் நுனியில் புதிதாக மாட்டிய, ஒளி ஊடுருவும் வளைந்து கொடுக்கும் டியூப் நினைவுக்கு வந்தது. அந்தத் துளியை, அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு பொருளை அடையாளம் காட்டும் ஐ.ஆர். கருவியில் வைத்தோம். கருவி வரைந்த கோட்டில் அலை எண் 1725-க்குப் பக்கத்தில் உயரமான ஒரு பீக், 1600-க்குக் கொஞ்சம் கீழே இரட்டையாக இரண்டு சின்னப் பீக். தாலேட். பி.வி.சி. டியூபை வளையச் செய்யப் போடும் அதே பொருள். டியூபில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி பாட்டிலில் இருந்த பழைய நல்ல ஹெக்சேனில் இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் டியூப் விறைத்துப் போய்க் குச்சி மாதிரி இருந்தது. அந்த ஹெக்சேனை ஆவியாக்கினால் டிஷ்ஷில் அதே மஞ்சள் துளி, இன்னும் பெரிதாக.

என் பிளாங்க் டிஷ்ஷையும் பாத்தையும் அவனையும் சோதித்தது. மாதிரி எடுத்த டியூபைச் சோதிக்கவில்லை. பேரலிலிருந்து டிஷ் வரைக்கும் உள்ள முழுப் பாதையையும் பிளாங்கில் சேர்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நல்ல ஹெக்சேனை அதே பம்ப், அதே டியூப், அதே பாட்டில் வழியாக அனுப்பி அதையும் ஆவியாக்கிப் பார்க்க வேண்டும். இப்போது மாதிரி எடுப்பதற்குக் கண்ணாடிக் குழாய்தான், இணைப்புக்கு டெஃப்லான் மட்டும்.

சப்ளையருக்கு அன்று காலையே போன் செய்து, தவறு எங்களுடையது என்று சொல்லி, எழுத்திலும் கொடுத்தோம். ஆறு பேரலும் மறுநாள் திரும்பி வந்தன. கண்ணாடிக் குழாயில் எடுத்து, 500 மில்லிலிட்டர் ஆவியாக்கினேன். எச்சம் 0.9 மில்லிகிராம், 3 பி.பி.எம்.-க்கும் கீழே. டிஷ்ஷை வெளிச்சத்துக்குச் சாய்த்து ஓரம் முழுக்கத் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. ரிஜிஸ்டரில் எண்ணோடு அதையும் எழுதினேன்: "நிறமில்லை, வளையமில்லை, கண்ணாடிக் குழாய்."